நேர்ந்துவிட்ட கிடா

எங்கள் வீட்டு மிக்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றது. வேறு கிழமைகளில் மிக்சி கெட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. தொட்டுக்கொள்ளப் பொடி அரைக்கலாம் என்று வறுத்த உளுந்தையும் மிளகாயையும் ஜாரில் போட்டு, கூடவே கட்டிப் பெருங்காயத்தைத் தட்டாமல் முழுசாகப் போட்டுவிட்டேன். பெருங்காயம் பிளேடுக்கும் ஜாரின் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாடை. அதன்பிறகு மோட்டார் ஜோராக ஓடியது. பிளேடு மட்டும் அசையவில்லை.

கடைத்தெரு முனையில் பத்துக்குப் பத்து அறையில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். மிக்சியை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணே, காயில் போயிடுச்சா? திரும்பக் கட்டணுமா?" என்றேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. ஜாரைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் இருந்த கறுப்புப் பல்சக்கரத்தில் பல்லே இல்லை, மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல சார். கப்ளர்தான் போயிருக்கு. இது போனதாலதான் அது தப்பிச்சுது."

அறுபது ரூபாய். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "இதையே இரும்புல செஞ்சா தேயாதுல்ல, அண்ணே?"

அவர் சிரித்தார். "செய்யலாம் சார். அப்புறம் அடுத்த தடவை கப்ளரைக் கழட்டிட்டு வர மாட்டீங்க, மோட்டாரைத் தூக்கிட்டு வருவீங்க."

இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

பிளேடு சட்டென்று நிற்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மிக்சி மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுற்றும். உள்ளே சுழலும் ஆர்மேச்சரை அரைக் கிலோ எடையும் 4 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஓர் உருளை என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அதில் அடங்கியிருக்கும் சுழல் ஆற்றல் சுமார் 180 ஜூல். 18 கிலோ எடையை, அதாவது காலி கேஸ் சிலிண்டரைவிடச் சற்றுக் கனமான ஒன்றை, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போட்டால் வெளிப்படும் ஆற்றல் அது. பெருங்காயக் கட்டி பிளேடைப் பிடித்து நிறுத்தியதும், இந்த ஆற்றல் எங்காவது இறங்கியாக வேண்டும். அச்சு முறியலாம், ஜாரின் அடிப்பகுதி விரியலாம், ஆர்மேச்சரே வளையலாம்.

ஆபத்து அதோடு முடிவதில்லை. சுழலும் மோட்டார் தன் சுழற்சியாலேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் அந்தத் தடுப்பும் போய்விடும். வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் காயிலுக்குள் பாயும். காயில் கம்பியின் மேல் பூசிய மெல்லிய எனாமல் கருக விநாடிகள் போதும். ஆகவே பிளேடு நின்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது நல்லது. கப்ளரின் பற்கள் வழுக்கி, நறநறத்து, தாங்கள் அழிந்து அந்த வசதியைச் செய்து தருகின்றன.

கிராமத்தில் குலசாமிக்கு என்று ஓர் ஆட்டுக்குட்டியை ஒதுக்கிவிடுவார்கள். நேர்ந்துவிட்ட கிடா என்று அதற்குப் பெயர். ஊரெல்லாம் மேயும், யாரும் விரட்ட மாட்டார்கள், நன்றாகத் தின்று கொழுக்கும். ஆனால் திருவிழா அன்றைக்கு யார் தலை விழும் என்பதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. நம் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நல்ல இயந்திரத்திலும் அப்படி ஒரு கிடா உண்டு. பொறியாளர்கள் தெரிந்தே பலவீனமாகச் செய்து வைத்த பாகம். எது உடைய வேண்டும், எந்த வரிசையில் உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது பொறியியலில் பாதி. அந்த வரிசையைத் தெரிந்துகொள்வது பழுதுபார்ப்பதில் பாதிக்கும் மேல்.

மிக்சியிலேயே இப்படி மூன்று இருக்கின்றன. கப்ளர் ஒன்று. கார்பன் பிரஷ் இரண்டாவது. சுழலும் செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டு மின்சாரம் தரும் அந்தத் துண்டு, செம்பைவிட மென்மையான கிராஃபைட்டால் ஆனது. இரண்டு பொருள் உரசினால் ஒன்று தேய்ந்தே தீரும். மலிவானது தேயட்டும் என்பது ஏற்பாடு. மூன்றாவது மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான். மின்னோட்டம் எல்லை மீறினால் அது வெளியே துள்ளி இணைப்பைத் துண்டிக்கும். சாகாத கிடா, அழுத்தினால் எழுந்துகொள்ளும். இது தெரியாமல் அதற்கு முந்தைய வருடம் இதே கடைக்கு மிக்சியைச் சுமந்து போனேன். அவர் கவிழ்த்து, பொத்தானை அழுத்தி, கையில் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அந்த அவமானத்துக்கு அறுபது ரூபாய் கப்ளர் எவ்வளவோ பரவாயில்லை.

கப்ளரை மாற்றுவது சுலபம். கழற்றுவதில்தான் பலர் தோற்கிறார்கள். சுழற்சியின் வேகத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாதே என்பதால், ஓட ஓட இறுகும் திசையில் மரை வெட்டியிருப்பார்கள். நாம் பழகிய திசையில் திருப்பினால் சிலவற்றில் இன்னும் இறுகும். சைக்கிளின் இடது பெடலில் இடது மரை இருப்பதும் இப்படி ஓட்டத்தில் கழன்றுகொள்ளாமல் இருக்கத்தான். பலத்தைக் காட்டுவதற்கு முன் ஒரு முறை எதிர்த் திசையிலும் திருப்பிப் பாருங்கள்.

*

நேர்ந்துவிட்ட கிடாக்களில் மிகப் பழையது, மிகவும் துரோகத்துக்கு உள்ளானது, ஃபியூஸ் கம்பி.

மீட்டர் பெட்டியில் வெள்ளைப் பீங்கானில் செருகியிருக்குமே, அந்த மெல்லிய கம்பியின் வேலை ஒன்றுதான்: சுவருக்குள் ஓடும் ஒயர் சூடாகிக் கெட்டுப்போவதற்கு முன்பே தான் உருகிப்போக வேண்டும். எவ்வளவு மின்னோட்டத்தில் எவ்வளவு தடிமனான கம்பி உருகும் என்பதை 1880களில் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் சோதித்துப் பார்த்து ஒரு விதியாகச் சொன்னார். உருகும் மின்னோட்டம், விட்டத்தின் ஒன்றரை அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

ஒன்றரை என்பது எங்கிருந்து வந்தது? கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். கம்பி தடிமனாக ஆக, அதன் குறுக்குப் பரப்புக்கு ஏற்றபடி, அதாவது விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். அந்த வெப்பம் காற்றில் கலைவது கம்பியின் மேற்பரப்பு வழியாக. அது விட்டத்துக்கு நேர்விகிதம். பிறப்பதும் கலைவதும் சமமாகும் இடத்தைக் கணக்கிட்டால், மின்னோட்டத்தின் வர்க்கம் விட்டத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) நேர்விகிதம் என்று வரும். வர்க்கமூலம் எடுத்தால் ஒன்றரை அடுக்கு.

செம்புக்கு பிரீஸ் தந்த எண் 80. விட்டத்தை மில்லிமீட்டரில் போட்டால் விடை ஆம்பியரில் வரும். 0.2 மில்லிமீட்டர் கம்பி சுமார் 7 ஆம்பியரில் உருகும். அதனால்தான் அதை 5 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் தடிமனை இரட்டித்தால் உருகும் அளவு இரட்டிப்பதோடு நிற்காது, 2.8 மடங்காகி 20 ஆம்பியராகும்.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபியூஸ் போகிறது. கடை மூடிவிட்டார்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஒயரின் தோலை உரித்து, இழைகளில் மூன்றை முறுக்கி மாட்டுகிறார் ஒருவர். ஒவ்வோர் இழையும் 0.3 மில்லிமீட்டர் என்றால், முறுக்கிய மூன்றும் சேர்ந்து உருக ஏறத்தாழ 30 ஆம்பியர் வேண்டும். விளக்கு வந்துவிட்டது, ஃபியூஸ் இனி போகவே போகாது, அவருக்குப் பெருமை. ஆனால் சுவருக்குள் ஓடுவது ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர். அதன் பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்கும் வகையில் செய்தது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். 25 ஆம்பியர் ஓடினால் முறுக்கிய கம்பி அசையாமல் இருக்கும். சுவருக்குள் உறை இளகிக்கொண்டிருக்கும். கிடாவைக் காப்பாற்றினால் பலி நின்றுவிடுவதில்லை. அடுத்த தலை தேடப்படுகிறது. இங்கே அடுத்த தலை வீடு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபியூஸ் ஒயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. உடல் வழியாக 30 மில்லியாம்பியர் போவதே ஆபத்தின் தொடக்கம். 5 ஆம்பியர் என்பது அதைப்போல 160 மடங்குக்கும் மேல். ஷாக் அடித்து ஃபியூஸ் போகும் என்று நம்பியிருப்பவர் நம்பிக்கையோடு போய்ச் சேர வேண்டியதுதான். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்த உடனே இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் அதற்காகவே இருக்கிறது. அதன் மேல் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

*

சமையலறைக்குத் திரும்புவோம். குக்கர்.

குக்கரின் தலையில் ஆடும் வெயிட், அறிவியல் வரலாற்றில் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பிரான்சில் பிறந்த டெனி பாப்பன் 1679இல் லண்டனில், எலும்பையும் மென்மையாக்கும் ஒரு மூடிய பாத்திரத்தை ராயல் சொசைட்டிக்காரர்களிடம் காட்டினார். அழுத்தம் மிஞ்சினால் தூக்கிக்கொண்டு ஆவியை விடும்படி எடை வைத்த வால்வு அவருடைய யோசனை. இன்றும் அதே யோசனைதான். ஆவி வரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வரும்போது வெயிட் தூக்க வேண்டுமானால் அதன் எடை 70 கிராம் இருக்க வேண்டும். விசில் என்பது 70 கிராமுக்கும் ஆவிக்கும் நடக்கும் இழுபறியில் ஆவி ஜெயிக்கும் சத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரியில் கொதிக்கும். துவரம்பருப்பு சீக்கிரம் வேகும்.

வெயிட் சாகாது. துளையில் ஒரு பருப்புத்தோல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? தண்ணீர் ஊற்றாமலேயே அடுப்பில் ஏற்றிவிட்டால்? அப்போது முன்னுக்கு வருவது மூடியில் பொத்தான் அளவில் இருக்கும் சேஃப்டி வால்வு. அதன் நடுவில் குறைந்த வெப்பநிலையில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கும் ஈய, வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் உருகும். வால்வில் இருப்பதும் அதற்கு உறவுக்காரக் கலவைதான். துளை திறந்து, தண்ணீரும் இருக்கும்வரை குக்கர் 120ஐத் தாண்டாது. துளை அடைத்தாலோ தண்ணீர் தீர்ந்தாலோ வெப்பம் ஏறிக்கொண்டே போகும். குக்கரின் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே அந்தச் சின்ன உலோகத் துண்டு காவலுக்கு நிற்கிறது.

இந்த உருகும் அடைப்பான் ஒரு விபத்தில் பிறந்தது. உயர் அழுத்த நீராவி இயந்திரங்களைச் செய்த ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இயந்திரம் ஒன்று 1803 செப்டம்பரில் லண்டன் அருகே கிரீனிச்சில் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதைக் கவனித்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டிருந்தான். பையன்கள் மீன் பிடிக்கத்தான் போவார்கள் என்பதை டிரெவிதிக் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு கொதிகலனில் ஓர் ஈயத் துண்டைப் பதித்தார். நீர்மட்டம் இறங்கினால் ஈயம் உருகி, ஆவி நெருப்பின் மேலேயே பாயும். காவலாளியின் கவனத்தை நம்பாத காவல்.

சேஃப்டி வால்வு வெடித்துப்போன குக்கரில் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துப் பயன்படுத்தியவரை எனக்குத் தெரியும். நெருங்கிய சொந்தம், அதனால் உறவுமுறையைச் சொல்லவில்லை. "ரெண்டு வருஷமா நல்லாத்தான் ஓடுது" என்றார். ஓடும்தான். டிரெவிதிக்கின் இயந்திரமும் அன்று காலைவரை நன்றாகத்தான் ஓடியது. அந்தக் குக்கரை நானே பிடுங்கிக்கொண்டு போய்ப் புது வால்வு போட்டு வந்தேன். ரப்பர் கேஸ்கட்டையும் மாற்றினேன். அது இறுகிக் கெட்டியாகிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பல குக்கர்களில் மூடியின் ஓரத்தில் ஒரு நீளமான துளை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டால் அழுத்தம் கேஸ்கட்டை அந்தத் துளை வழியாகப் பிதுக்கி வெளியேறட்டும் என்பதற்காக வைத்தது. கெட்டிப்பட்ட கேஸ்கட் பிதுங்காது.

*

குழாயைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. திருகி மூடும் குழாய்க்கு 1845இல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் பித்தளைப் பட்டறை வைத்திருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றது. திருகும்போது ஸ்பிண்டில் இறங்கி, அடியில் உள்ள வாஷரைப் பித்தளை இருக்கையின்மேல் அழுத்தும். வாஷர் மென்மையாக இருப்பதால் இருக்கையின் சிறு மேடுபள்ளங்களில் அமுங்கி நீரை அடைக்கும். நாளடைவில் அது தேயும், குழாய் சொட்டும், நாம் இன்னும் வேகமாகத் திருகுவோம். அப்படித் திருகினால் இருக்கையின் விளிம்பு வாஷரை வெட்டும். வாஷர் முழுதாகப் போனபின் உலோகம் உலோகத்தில் உரசி இருக்கையே பள்ளமாகும். அதன்பிறகு புது வாஷர் போட்டாலும் சொட்டும். குழாயையே மாற்ற வேண்டும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டால் நான்கே கால் லிட்டருக்கு மேல். மூன்று, நான்கு நாளில் ஒரு குடம். சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டி வாஷர் போட்டதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. அது ஆறு மாதம் உழைத்தது.

ஃபேன் வேறு மாதிரி. மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனில் பத்துக்கு ஏழெட்டு தடவை குற்றவாளி கண்டென்சர்தான். இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, ஏணியில் ஏறிய அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால் காந்தப் புலத்தை முன்னும் பின்னும் ஆட்டத்தான் முடியும், சுழற்ற முடியாது. இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கால் சுற்று அளவுக்கு முன்தள்ளிவிட்டால் புலம் சுழல ஆரம்பிக்கும். 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் வேலை அதுதான். அது அடியோடு செத்துப்போன ஃபேன், ஸ்விட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும். குச்சியால் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் சோம்பலாகச் சுற்றத் தொடங்கும். அதற்கென்று சொந்தத் திசை கிடையாது.

இந்தக் கண்டென்சருக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பலி. சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலத்தின் மேல் அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய உலோகப் பூச்சைப் பூசிச் சுருட்டியிருப்பார்கள். மின்னழுத்தம் எகிறும்போது படலத்தில் ஓர் ஊசித்துளை விழும். சாதாரணமாக அதோடு கதை முடிந்து ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் துளையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு நொடியில் ஆவியாகி விலகிவிடும், துளை தனித்தீவாகிவிடும், கண்டென்சர் தொடர்ந்து வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் பரப்பில் ஊசிமுனை அளவு குறையும். ஆண்டுக்கணக்கில் இப்படிக் குறைந்து 2.5 என்பது 1.8 ஆகும்போது, "ஃபேன் முன்ன மாதிரி காத்து வரலியே" என்று வீட்டில் சொல்ல ஆரம்பிப்பார்கள். மாற்றப் போகிறவர்கள் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பது அணைத்ததாகாது. அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் இணைத்து அதை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

கீசருக்குள் இருக்கும் கிடாவை அநேகமாக யாரும் பார்த்ததே இல்லை. தொட்டிக்குள் விரல் தடிமனில் ஒரு மெக்னீசியம் கம்பி தொங்குகிறது. இரும்பும் மெக்னீசியமும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் கிடந்தால், மின்னணுக்களை எளிதில் இழக்கும் மெக்னீசியம் முதலில் கரையும். அது கரையும்வரை இரும்பு துருப்பிடிக்காது. ஹம்ப்ரி டேவி 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக இதைச் செய்து காட்டினார். கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டிருந்தது. அதில் இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்தார். சமராங் போன்ற கப்பல்களில் பொருத்தினார்கள். செம்பு அரிக்கவில்லை, கணக்கு பிசகவில்லை. ஆனால் கப்பல் ஓடவில்லை! கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை பாசியையும் கொட்டலசுகளையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவது நின்றதும் அடிப்பகுதி முழுக்க அவை அப்பிக்கொண்டு கப்பலை இழுத்தன. அந்தச் செம்பே ஒரு நேர்ந்துவிட்ட கிடா என்று டேவிக்குத் தெரியாமல் போயிற்று. போர்வெல் உப்புத்தண்ணீர் உள்ள வீடுகளில் கீசரின் கம்பியை ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால், அடுத்து கரையப்போவது தொட்டி.

*

பலியாக ஒரு பாகத்தை வைத்தால் மட்டும் போதாது. அது கைக்கு எட்ட வேண்டும். இதைத் தமிழ்நாடு நேரடியாகக் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு.

தெருமுனைகளில் இன்றும் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான பம்பை அடிப்படையாகக் கொண்டு, 1970களில் யுனிசெஃப் முயற்சியில் வடிவமைக்கப்பட்டது. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலை அதில் முக்கியப் பங்கு வகித்தது. ஆழத்தில் தண்ணீர் கிடக்கும் கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வார்ப்பிரும்புப் பம்புகள் ஊரே ஓயாமல் அடித்ததில் உடைந்து விழுந்தன. மார்க் 2 நின்று பிடித்தது. உலகின் பல நாடுகளுக்கும் போனது.

அதிலும் கிடா ஒன்று உண்டு: பூமிக்கடியில் உள்ள சிலிண்டரில் ஏறி இறங்கும் பிஸ்டனின் கிண்ண வாஷர். ஆரம்பத்தில் தோல், பிறகு நைட்ரைல் ரப்பர். விலை சொற்பம். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்தச் சொற்ப வாஷரை மாற்ற, மூன்று மீட்டர் நீளமுள்ள பத்து இரும்புக் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். அதற்கு முக்காலி, கருவிகள், வண்டி, பழகிய ஆட்கள் வேண்டும். வாஷர் தேய்ந்த பம்பு, வண்டி வரும்வரை நின்றுகிடக்கும். பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். 1980களில் மறுபடி கோவைப் பகுதியிலேயே சோதித்து உருவாக்கிய மார்க் 3 பம்பில், குழாய்களின் உட்புறத்தைப் பிஸ்டன் நுழையும் அளவுக்கு அகலமாக்கினார்கள். குழாய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்; கம்பியோடு பிஸ்டனை மட்டும் மேலே உருவி, வாஷரை மாற்றி, மறுபடி இறக்கலாம். ஊர்க்காரர்களே செய்யலாம். வாஷர் முன்புபோலத் தேயத்தான் செய்தது. அதற்குப் போகும் வழி மட்டும் மாறியது.

இந்தக் கண்ணோட்டத்தில் இன்று கடையில் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எல்.ஈ.டி. பல்பில் ஒளி தரும் சில்லு பல ஆண்டு உழைக்கும். முதலில் போவது பெரும்பாலும் அடியில் இருக்கும் டிரைவர் சர்க்யூட்; அதிலும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் கைக்கணக்கு. மூடிய கிண்ண விளக்குக்குள் மாட்டிய பல்பு சீக்கிரம் போவது அதனால்தான். இதுவும் கிடாதான், சில ரூபாய்க் கிடா. ஆனால் பல்பைப் பசை போட்டு மூடிவிட்டார்கள். கண்டென்சர் செத்தால் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டும். செல்போன் பேட்டரியும் அப்படியே: தேயும் என்று செய்தவருக்கே தெரிந்த பாகத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மார்க் 2வின் தவறை வேண்டுமென்றே செய்வது இது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி விதிமுறை, 2027 பிப்ரவரியிலிருந்து சிறு சாதனங்களின் பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாசலைத் திறந்தது. கழற்ற முடியாத பொருளுக்கு வாசல் திறந்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றினாலும், தொடக்கம் என்ற அளவில் ஒத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய செருப்புப் பெட்டி இருக்கிறது. அரை அங்குல வாஷர் நான்கு, டெஃப்லான் டேப், 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பி ஒரு சுற்று, ஜார் கப்ளர் இரண்டு, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று, குக்கர் கேஸ்கட், சேஃப்டி வால்வு. ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நீங்களும் ஒரு பெட்டி வையுங்கள். சேஃப்டி வால்வு வாங்கும்போது மட்டும் பழைய வால்வைக் கையோடு கொண்டுபோய், உங்கள் குக்கரின் கம்பெனி, மாடல் இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். வேறு கம்பெனி வால்வும் மரையில் பொருந்திவிடக்கூடும். உருக வேண்டிய வெப்பத்தில் அது உருகுமா என்பதை மரை சொல்லாது.